இரண்டாவது கை செய்த குற்றம்

அவைக்குத் தலைமையேற்று, எங்கள் அரட்டைக்கும் அணைபோட்டு அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே. அகவையில் மூத்த, அனுபவத்தில் பழுத்த ஆன்றோர்களே. அணைக்கத் தெரிந்த, அதைவிட நன்றாக அதட்டவும் தெரிந்த தாய்மார்களே. அழுக்காக வருவதை அழகாகத் திருப்பி அனுப்பும் மருத்துவமனைச் சலவைப் பிரிவின் சகோதரிகளே. விடியுமுன் குளத்தில் குதித்து, விடிந்தபின் அடுப்படிக்கு ஓடும் காலை நீச்சல் குழுவின் தோழிகளே. நேரத்துக்கு வண்டி எடுப்பதாக நாள்தோறும் என்னிடம் சத்தியம் செய்யும் ஓட்டுநர், நடத்துநர் அண்ணன்மார்களே. மூன்றாவது வரிசையில் அமர்ந்து, இவள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் என் அருமைக் கணவரே. உங்கள் அனைவருக்கும் முதற்கண் என் வணக்கம்.

என் முகம் உங்களில் பலருக்குப் புதிது. என் குரல் யாருக்கும் புதிதல்ல. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் பதினொரு ஆண்டுகளாக உங்களை ஏமாற்றி வருபவள் நான்தான். ஐந்து நிமிடத்தில் புறப்படும் என்பேன். ஐம்பது நிமிடம் நிற்பீர்கள். என்ன அண்ணே? நேற்றும் அப்படித்தானா? அண்ணே, நான் அறிவிப்பவள் மட்டும்தான். உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான் ஓட்டுபவர். அவரைக் கேளுங்கள்.

இந்த விழாவில் எனக்கு ஒதுக்கிய நேரம் மூன்று நிமிடம். ஒதுக்கிய வேலை ஒன்றே ஒன்று. கடல்போல் விரிந்த ஏரியை நீந்திக் கடக்க, அடுத்த வாரம் இரண்டாம் முறையாக அயல்நாடு செல்லும் என் மாமியாருக்கு, சலவைப் பிரிவின் சார்பில் இதோ இந்தத் துண்டை வழங்க வேண்டும். வழங்கிவிட்டு, வாழ்க என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். அப்படித்தான் ஏறினேன். ஆனால் இப்போது இறங்க முடியவில்லை.

ஏன்? பத்து நிமிடத்துக்கு முன் தலைவர் அவர்கள் அன்போடு ஓர் அறிவிப்புச் செய்தார்கள். சென்ற ஆண்டு கரைக்கு எண்ணூறு மீட்டர் இருக்கையில் இந்த அம்மாவுக்குக் கால் பிடித்துக்கொண்டது, அதனால்தான் போட்டி கைவிட்டுப் போனது என்றார்கள். ஆகவே இந்த ஆண்டு படகில் துணையாக மருமகள் போக வேண்டாம், நம் மருத்துவமனையின் பிசியோதெரபி தம்பி போகட்டும், கால் பிடித்தால் நீவிவிடட்டும் என்றார்கள். கை தட்டினீர்கள். இந்தக் கூடத்தின் கூரை அதிரத் தட்டினீர்கள். ஒருவர் மட்டும் தட்டவில்லை.

அவர் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது. இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த மருத்துவமனையின் ஈரப் படுக்கைவிரிப்புகளைத் தூக்கித் தூக்கித் திரண்ட தோள்கள். என் கணவரைப் பெற்றவர். என் அத்தை.

அவையோரே, அத்தைக்கு அன்று கால் பிடிக்கவில்லை. கை பிடித்தது. பிடித்த கை என் கை.

அத்தை, கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்கிறீர்கள். தெரிகிறது. ஒன்பது ஆண்டுகளாக நீங்கள் கை காட்டினால் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்திருக்கிறேன், அடுப்பைக் குறைத்திருக்கிறேன். இன்று மட்டும் கேட்கமாட்டேன். மைக்கை என்னிடம் கொடுத்தது உங்கள் சலவைப் பிரிவு. குற்றம் அவர்களுடையது.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் அத்தை நீச்சல் கற்றது பயிற்சியாளரிடமல்ல. சிறுமியாய் இருந்தபோது, மழைத்தண்ணீர் நிறைந்த ஒரு கல்குவாரியில் கற்றார். பிறகு கல்யாணம், வேலை, பிள்ளை. பல ஆண்டுகள் அவர் தொட்ட தண்ணீர் எல்லாம் சலவைத் தண்ணீர். ஐம்பதாவது வயதில் முழங்கால் வலிக்கிறது என்று இதே மருத்துவமனைக்கு வந்தார். தண்ணீரில் நடந்து பாருங்கள், வலி குறையும் என்றார் மருத்துவர். நகராட்சிக் குளத்தில் இறங்கினார். ஒரு நாள் நடந்தார். மறுநாள் நடந்தார். மூன்றாம் நாள், "நடக்கறதுக்கு எதுக்குத் தண்ணி?" என்று கேட்டுவிட்டு நீந்தத் தொடங்கியவர்தான். இன்றுவரை நிறுத்தவில்லை.

குளம் போதவில்லை. சுவர் வந்து வந்து தடுக்கிறது என்றார். நீர்த்தேக்கத்துக்குப் போனார். அங்கே ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, மறு கரையிலிருந்து இந்தக் கரைக்கு. அப்போதுதான் குளத்துத் தோழி ஒருவர் தன் கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வெளிநாட்டில் ஒரு பெரிய ஏரி. இருபத்தொரு கிலோமீட்டர். பதினாறு டிகிரிக் குளிர். உடலைச் சூடாக வைக்கும் உடுப்புக்கு அனுமதி இல்லை. ஒன்பது மணி நேரத்துக்குள் மறு கரையில் ஏறி நிற்க வேண்டும். அத்தை படித்துப் பார்த்தார். "இதுல வயசு வரம்பு ஒண்ணும் போடலையே" என்றார். அவ்வளவுதான், பெயர் கொடுத்தாயிற்று.

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு படகு. படகில் ஓட்டுபவர் ஒருவர், நடுவர் ஒருவர், சொந்தத் துணை ஒருவர். துணை யார்? பெற்ற பிள்ளை இருக்கும்போது பிறரைத் தேடுவானேன்? என் கணவரை நீர்த்தேக்கத்தில் படகேற்றி ஒத்திகை பார்த்தோம். படகு ஆடியது. பிள்ளையும் ஆடினார். பத்தாவது நிமிடத்தில் காலையில் உண்டதையெல்லாம் தண்ணீருக்கே படைத்துவிட்டார். நீந்திக்கொண்டிருந்த தாய் தலையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: "முதல்ல அவனைக் கரை சேருங்க. நான் அப்புறம் வந்துக்கறேன்."

என்னங்க, தலையைக் குனியாதீர்கள். ஊருக்கே தெரிந்த கதைதான்.

ஆக, எஞ்சியவள் நான். எனக்கு நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீருக்கு அப்பால் ஆழம் அறியேன். ஆனால் என்னிடம் ஒன்று இருந்தது. தலையில் தொப்பி, காதில் தண்ணீர், சுற்றிலும் அலை. யார் கத்தினாலும் அத்தைக்குக் கேட்கவில்லை. ஒத்திகையில் நான் ஒருமுறை பேருந்து நிலையக் குரலில் கூப்பிட்டேன். நீந்திக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். "இவ குரல் மட்டும் கேக்குது" என்றார். இயந்திர இரைச்சலையும் நடத்துநர் விசிலையும் தாண்டிப் பழகிய தொண்டையல்லவா?

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நானும் அத்தையும் கொஞ்சிக் குலவும் மாமியார் மருமகள் அல்ல. சண்டையும் இல்லை. சண்டை போடுவதற்குக்கூட ஒரு நெருக்கம் வேண்டும், அது எங்களிடம் இல்லை. அவர் காலை வேலைக்குப் போவார், நான் மாலை வேலைக்குப் போவேன். "தண்ணி வந்துச்சா?" "வந்துச்சு அத்தை." "கதவைச் சாத்தியாச்சா?" "சாத்தியாச்சு அத்தை." ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் பேசியதையெல்லாம் கோத்தால் ஒரு பேருந்து அறிவிப்பு அளவுக்குத்தான் வரும். ஒரே கூரை, ஒரே குழாய், ஒரே குடும்ப அட்டை. ஆனாலும் ஒருவர் கையை ஒருவர் தொட்டதில்லை. தேநீர் கொடுப்பேன். அதையும் என் அம்மா வளர்த்த முறைப்படி கொடுப்பேன். பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடு என்பார் என் அம்மா. டம்ளரின் அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை. அத்தை மேலே விளிம்பைப் பிடித்து வாங்கிக்கொள்வார். விரலும் விரலும் படாது. அப்படியொரு மரியாதை.

அந்த மரியாதையையும் மூட்டைகட்டி எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

போட்டி நாள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் நாற்பத்து மூன்று பேர் கரையில் நின்றார்கள். பதினான்கு நாட்டவர். இருபது வயது இளைஞர்கள், ஏணி போல் உயரமான பெண்கள். அவர்களுக்கு நடுவே, அக்குளிலும் கழுத்திலும் களிம்பு அப்பிக்கொண்டு, என் அத்தை. எங்கள் படகின் நடுவர் அறுபது வயதுப் பெண்மணி, ஓய்வுபெற்ற தபால்காரர். மடியில் குறிப்பேடு, கழுத்தில் விசில். விதிகளை எனக்காக மெதுவாக, ஆங்கிலத்தில், இரண்டு முறை சொன்னார். நீந்துபவர் படகைத் தொடக்கூடாது. படகில் இருப்பவர் நீந்துபவரைத் தொடக்கூடாது. உணவு கொடுக்கலாம், குரல் கொடுக்கலாம், கை கொடுக்கக்கூடாது. கரையில் இரண்டு காலும் ஊன்றி நிற்கும்வரை ஒரு விரல்கூடப் படக்கூடாது. புரிந்ததா என்றார். புரிந்தது என்றேன். இது என்ன பெரிய விதி, ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் இருப்பதுதானே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சிரித்தேன் பாருங்கள், அது தப்பு.

நீந்தினார் என் அத்தை. ஒரு மணி நேரம் நீந்தினார். மூன்று மணி நேரம் நீந்தினார். வெயில் ஏறியது, குளிர் குறையவில்லை. காற்று திரும்பியது, கை திரும்பவில்லை. அரை மணிக்கு ஒருமுறை நீளக் கழியின் நுனியில் கோப்பை வைத்து வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் நீட்டுவேன். மாமியாருக்குக் கழியால் நீட்டுவதா என்று முதல் முறை என் மனம் கூசியது. கூசிக்கொண்டே நீட்டினேன். கூடவே குரல் கொடுத்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மறு கரை செல்லும் மாமியார் பத்தாவது கிலோமீட்டரைக் கடந்துவிட்டார். வழியில் எங்கும் நிற்காது." தண்ணீருக்குள் அவர் சிரித்தது குமிழியாய் மேலே வந்தது. என் பேச்சுக்கு அத்தை சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏழரை மணி நேரம். இருபது கிலோமீட்டர் போயாயிற்று. இன்னும் எண்ணூறு மீட்டர். கரையில் நிற்பவர்களின் சட்டை நிறம் தெரிகிறது. நேரம் இருக்கிறது, தெம்பும் இருக்கிறது. கடைசியாக ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் போதும். கழியை நீட்டினேன், அலை அடித்துக் கோப்பை கவிழ்ந்தது. மறுபடி நீட்டினேன், மறுபடி கவிழ்ந்தது. அத்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்கள் விறைத்து விரிந்து மடங்க மறுத்தன. கையாலேயே பாட்டிலைக் கொடுக்கலாமா என்று நடுவரைக் கேட்டேன். கொடுக்கலாம், தொடாமல் கொடு என்றார்.

குனிந்தேன். கொடுத்தேன்.

எப்படிக் கொடுத்தேன்? என் அம்மா வளர்த்த முறைப்படி கொடுத்தேன். இரண்டு கையாலும் கொடுத்தேன். ஒற்றைக் கையால் கொடுத்திருந்தால் பாட்டில் மட்டும் போயிருக்கும். இரண்டாவது கையும் கூடப் போனது. அத்தையின் விரல்கள் பாட்டிலைப் பற்ற முடியாமல் வழுக்கின. வழுக்கியதைப் பார்த்த என் இரண்டாவது கை, என்னைக் கேட்கவில்லை, விதியைக் கேட்கவில்லை. அவர் கையின்மேல் போய் மூடிக்கொண்டது.

விசில் ஒலித்தது.

நான்கு நொடி என்று நடுவர் குறிப்பேட்டில் எழுதினார். ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக என் மாமியாரின் கையைப் பிடித்தேன். அந்த நான்கு நொடி, ஏழரை மணி நேரத்தை விழுங்கிவிட்டது. நான் கெஞ்சினேன். தொட்டது நான்தான், தண்டனையை எனக்குக் கொடுங்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் அழுதேன். அந்தப் பெண்மணிக்கும் கண் கலங்கியது. யார் தொட்டது என்று விதி கேட்பதில்லை, தொடப்பட்டதா என்றுதான் கேட்கும் என்றார்.

அத்தை மிதந்துகொண்டே கேட்டார். "என்னாச்சு?"

"தொட்டுட்டேன் அத்தை. போட்டி போச்சு."

தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தார். பிறகு, "கரை அங்கயேதானே இருக்கு?" என்றார்.

"இருக்கு அத்தை."

"அப்ப வழி சொல்லு."

நீந்தினார். பதக்கம் இல்லை என்று தெரிந்தும் நீந்தினார். பட்டியலில் பெயருக்கு நேரே வெறும் கோடுதான் விழும் என்று தெரிந்தும் அந்த எண்ணூறு மீட்டரை நீந்தினார். நான் அழுதுகொண்டே வழி சொன்னேன். கரையில் ஏறி இரண்டு காலும் ஊன்றி நின்றார். நின்றவரின் நேரம் எட்டு மணி ஐந்து நிமிடம். அது எந்த ஏட்டிலும் இல்லை. நான் சொல்கிறேன், இந்த மேடையில் பதிவாகட்டும்.

அன்று மாலை, தங்கியிருந்த அறையில் இரண்டு கட்டில். சன்னல் கம்பியில் அவருடைய நீச்சல் உடை சொட்டிக்கொண்டிருந்தது. திட்டுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டாததுதான் தாங்கவில்லை. "ஏதாவது சொல்லுங்க அத்தை. திட்டுங்க" என்றேன்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார். "தோள் போச்சு, கால் போச்சு. விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. அந்த நேரத்துல உன் கை பட்டுச்சு." விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்த்தார். "சூடா இருந்துச்சு" என்றார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டார்.

அவையோரே, நான் தூங்கவில்லை.

ஊர் திரும்பினோம். பேருந்து நிலையத்திலேயே நீங்கள் எல்லாரும் கூடிவிட்டீர்கள். என்ன ஆச்சு, ஏன் முடியல என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: "கால் பிடிச்சுக்கிச்சு. வயசாச்சில்ல." யார் சொன்னது? பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தவரை, "நான் என்ன கிழவியா?" என்று கேட்டு மறுபடி உட்கார வைத்தவர் சொன்னார். வயதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதவர், எனக்காக அந்த வயதைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று காலங்காலமாகச் சொல்கிறோமே. என் வீட்டில் மருமகள் உடைத்தாள். நிஜமாகவே பொன்குடத்தை உடைத்தாள். மாமியார் முன்னால் வந்து, நான்தான் உடைத்தேன், அதுவும் மண்குடம்தான் என்றார்.

நான் என்ன செய்தேன்? வாயால் பிழைப்பவள், அன்று வாய் மூடி நின்றேன். மருமகள் கெடுத்தாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று பயந்தேன். பதினொரு மாதம் பயந்தேன். அந்தப் பொய் வளர்ந்து, இன்று பிசியோதெரபி தம்பியைப் படகில் ஏற்றப் போகிறது.

தம்பி, உங்களிடம் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு பக்கமாய்த் திரும்பி நின்றுவிட்ட என் கணவரின் கழுத்தை நேராக்கியவர் நீங்கள். உங்கள் கையில் வித்தை இருக்கிறது. அந்தப் படகில் அந்த வித்தைதான் வினை. கால் பிடித்தாலும் நீவக்கூடாது, கழுத்து பிடித்தாலும் தொடக்கூடாது. நோயாளியைக் கண்டால் தானே நீளும் கையைப் படகில் ஏற்றினால், கதை மறுபடியும் என் கதைதான். இதை அத்தை எப்படிச் சொல்வார்? சொன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதனால்தான் நீங்கள் எல்லாரும் கை தட்டியபோது, அவர் கை தட்டாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

என்ன அம்மா? பின்வரிசை அம்மா, கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள். "நீ போனா மட்டும் மறுபடி தொட மாட்டியா?"

நியாயமான கேள்வி. இந்தக் கேள்வி கேட்காவிட்டால் நீங்கள் ஒரு மாமியாராக இருக்க முடியாது.

அம்மா, திரும்பி வந்த மறுவாரமே அத்தை வீட்டில் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் தேநீர் ஒற்றைக் கையால்தான் வர வேண்டும். இடக்கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கயிறு, அதுதான் படகின் விளிம்பு. துணி உலர்த்தும் கழியில் டம்ளரைக் கட்டி நான் நீட்ட, நாற்காலியில் இருந்தபடி அவர் வாங்குவார். வேண்டுமென்றே தவறவிடுவார். என் இடக்கை எட்டிப் பார்த்தால் விசில் ஊதப்படும். ஊதுபவர் என் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த மிகப்பெரிய சத்தம் அதுதான்.

ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் என் அம்மா வந்துவிட்டார். என்ன பார்க்கிறார்? மகள் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, கழியின் நுனியில் மாமியாருக்குத் தேநீர் நீட்டுகிறாள். மருமகன் வாயில் விசில். என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "என்னடி இது? வீடு ரெண்டாயிருச்சா? நான் இப்படியா உன்னை வளத்தேன்?" என்று அழாக்குறையாகக் கேட்டார். கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவளைத் திட்டாதீங்க சம்பந்தி. மரியாதையை நான்தான் விடச்சொல்லி இருக்கேன்."

முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்து விசில். மூன்றாம் மாதம் இரண்டு. கடைசி நாற்பது நாளில் ஒன்றுகூட இல்லை. வேண்டுமானால் நடுவரைக் கேளுங்கள், அதோ இருக்கிறார். டம்ளர் விழுந்திருக்கிறது, உடைந்திருக்கிறது, என் புடவை நனைந்திருக்கிறது. கை நீளவில்லை. அவையோரே, கை கொடுப்பதுதான் அன்பு என்று நினைத்திருந்தவள் நான். கொடுக்கத் துடிக்கும் கையைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் அன்புதான் என்று ஒரு மூங்கில் கழி எனக்குக் கற்றுக்கொடுத்தது. குரல் மட்டும் கொடுத்து, வழி மட்டும் சொல்லி, அவர் தோளை அவரே நம்பவிட்டு, பக்கத்திலேயே இருப்பது சின்ன வேலையா? அந்த வேலையைத்தான் கேட்கிறேன். செய்த தவறை ஒப்புக்கொண்டு, அதே தவறு நடந்த அதே படகில், அதே பலகையில் உட்கார இன்னொரு முறை கேட்கிறேன். கரை சென்ற ஆண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அத்தையும் இருக்கிறார். என் குரலும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

தலைவர் அவர்களே, முடிவு உங்களுடையது.

இல்லை, உங்களுடையது இல்லைபோல் தெரிகிறது. அத்தை எழுந்துவிட்டார். நான்கு நாற்காலிகளைச் சேர்த்துப் பூட்டியிருப்பதால் கூட மூவரும் ஆடுகிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். வாருங்கள் அத்தை. இந்த மைக்கில் பேசுங்கள்.

"டாக்டர் ஐயா மன்னிக்கணும். பொய் சொன்னது நான்தான். கால் நல்லாத்தான் இருக்கு. தண்ணிக்குள்ள எனக்கு வேற யார் குரலும் கேக்காது. இவ தொட்டா போட்டிதான் போகும். இவ வரலன்னா நான் தண்ணியிலயே இறங்க மாட்டேன். அவ்வளவுதான். இவளைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க, ஆறு மணிக்குக் குளத்தைச் சாத்திருவாங்க."

கேட்டீர்களா? ஒன்பது ஆண்டுகளில் என்னைப் பற்றி அவர் பேசிய மிக நீண்ட பேச்சு இது. தலைவர் சிரிக்கிறார்கள். தலையும் அசைக்கிறார்கள். பிசியோதெரபி தம்பி இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்துவிட்டார். அந்தக் கையை அப்படியே வைத்திருங்கள் தம்பி, திரும்பி வந்ததும் அத்தையின் தோளுக்கு வேலை இருக்கிறது.

நேரம் கடந்துவிட்டது. என் அறிவிப்புக்குப் பழகியவர்கள் நீங்கள், தாமதத்தைப் பொறுத்துக்கொள்வீர்கள். பொய்யை இத்தனை நாள் நம்பியதற்கும், உண்மையை இத்தனை பொறுமையாய்க் கேட்டதற்கும், மைக்கைப் பிடுங்காமல் இருந்ததற்கும் உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. அடுத்த வாரம் அந்த ஏரி எங்களைப் பார்க்கும். நாங்களும் அதை ஒரு கை பார்ப்போம், ஒற்றைக் கையாலேயே பார்ப்போம். அதுவரை அனைவரிடமும் வணக்கம் கூறி விடைபெறுகிறேன்.

இறங்குமுன் ஒதுக்கிய வேலையை முடித்துவிடுகிறேன். இதோ சலவைப் பிரிவின் துண்டு. அவர்களே துவைத்து, அவர்களே மடித்தது. அத்தை, இது மேடை. கீழே மரப்பலகை, அதற்கும் கீழே மண். நீங்கள் இரண்டு காலும் ஊன்றித்தான் நிற்கிறீர்கள். அதனால் இதை என் அம்மா வளர்த்த முறைப்படியே கொடுக்கிறேன், இரண்டு கையாலும். என்னங்க, அந்த விசிலைச் சட்டைப்பையிலேயே வையுங்கள். கடிகாரம் கட்டியிருப்பவர்கள் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.